ஹான் சோலோவின் துவக்கை நம் பிள்ளைகள் செய்யலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு வாரமாக ஓடும் பேச்சுக்குப் பதில் என்பதால் சுருக்க முடியவில்லை. நேரம் இருப்பவர்கள் முழுதாக வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்.

விடயம் இதுதான். உயர்தரத் தொழினுட்பப் பிரிவில் படிக்கும் ஐந்து மாணவர்கள், ‘ஸ்டார் வோர்ஸ்’ படத்தில் ஹான் சோலோ இடுப்பில் கொழுவித் திரியும் பிளாஸ்டரைப் பாடசாலைக் கண்காட்சிக்குச் செய்து வைக்க அனுமதி கேட்டார்கள். (காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் இல்லை. கதிர் பாய்ச்சும் கற்பனைத் துவக்கு.) ஏதோ ஒரு சாயலில் அல்ல, திரையில் தெரிகிற அதே அளவில், பழைய சாமான்களைத் தேடி எடுத்துப் பொருத்திச் செய்ய வேண்டும் என்பது அவர்களின் ஆசை. தொழினுட்பப் பிரிவு ஆசிரியர்கள் நாங்கள் கூடிப் பேசி, நிபந்தனையோடு சம்மதித்தோம். அந்த நிபந்தனை என்ன என்பது பாடசாலை மதிலைத் தாண்டவில்லை. “பள்ளிக்கூடத்துல துவக்கு செய்யப் பழக்குறாங்க” என்பது மட்டும் தாண்டிவிட்டது.

வந்த கேள்விகளில் இரண்டு முக்கியமானவை. “ஏஎல் எடுக்கப் போற புள்ளைகளுக்கு இது என்னத்துக்கு சேர்?” என்பது ஒன்று. “நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தா யாரு பதில் சொல்ற?” என்பது மற்றது. முதலாவதை நாங்கள் ஏற்கவில்லை. இரண்டாவது நியாயமானது. அந்தப் பயம் எங்களுக்கும் உண்டு.

முதலாவதற்குப் பதில் சொல்ல, அந்தத் துவக்கு எப்படிப் பிறந்தது என்று சொல்ல வேண்டும்.

1976ஆம் ஆண்டு, லண்டனுக்கு வடக்கே எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் அந்தப் படம் எடுக்கப்பட்டது. விண்வெளிப் படம், ஆனால் கையில் இருந்த காசு மட்டுமட்டு. அரங்கப் பொருட்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ரோஜர் கிறிஸ்டியன். நூற்றுக்கணக்கான கற்பனை ஆயுதங்களை வரைந்து, அச்சு எடுத்து, வார்க்க அவருக்கு வசதி இருக்கவில்லை. அவர் படங்களுக்கு ஆயுதம் வாடகைக்கு விடும் பாப்டி என்ற லண்டன் நிறுவனத்துக்குப் போனார். நிஜத் துவக்குகளை எடுத்து, வேறு எதற்கோ செய்யப்பட்ட சாமான்களை அவற்றின் மேல் ஒட்டினார். விமான உதிரிகளைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி அரங்கம் முழுக்கப் பரப்பியவரும் அவர்தான். அந்த வேலைக்காக 1978இல் அவருக்கும் கலை இயக்கக் குழுவினருக்கும் ஒஸ்கார் கிடைத்தது.

வெள்ளைக் கவசம் போட்ட சிப்பாய்கள் தூக்கிக்கொண்டு ஓடும் ஆயுதத்தின் உடல் ஸ்டேர்லிங் என்ற பிரித்தானிய இயந்திரத் துப்பாக்கி. அதன் தோட்டாப் பெட்டியைக் குட்டையாக்கி, குழாயில் இருக்கும் துளை வரிசைகளின் மேல் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டிகளை ஒட்டி, மேலே அமெரிக்கப் போர்த்தாங்கி ஒன்றின் குறிபார்க்கும் தொலைநோக்கியைப் பூட்டினார்கள். பக்கவாட்டில் இருக்கும் சிறு பெட்டி, இயந்திரங்கள் எத்தனை தடவை சுற்றின என்று எண்ணிக் காட்டும் ‘கவுண்டர்’. பழைய பெற்றோல் பம்பில் இலக்கங்கள் உருளுமே, அந்த இனம். படத்தைக் கவனமாகப் பார்த்தால் சில காட்சிகளில் வெற்றுத் தோட்டாவின் கோது வெளியே பறப்பதும் தெரியும். கதிர்த் துவக்கிலிருந்து கோது எப்படி வரும் என்று கேட்ட பிள்ளைக்கு எங்களில் ஒருவர் இதைத்தான் விளக்கினார்.

ஹான் சோலோவின் துவக்கு மௌசர் சி96. 1896இல் ஜேர்மனியில் தயாரிக்கத் தொடங்கியது, தும்புத்தடிக் கைப்பிடி போல உருண்ட பிடி கொண்டது. அதன் மேல் ஹென்சோல்ட் நிறுவனத்தின் வேட்டைத் தொலைநோக்கி. நுனியில் இருக்கும் கூம்பு, எம்ஜி81 என்ற ஜேர்மன் விமானத் துப்பாக்கியின் நெருப்பு மறைக்கும் மூடி. லூக்கின் ஒளிவாள் இன்னும் வேடிக்கை. 1940களில் பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் பாவித்த கிராப்லெக்ஸ் கமராவின் பிளாஷ் கைப்பிடி அது, பற்றரி போடும் குழாய். லண்டனில் ஒரு கமராக் கடையின் பழைய பெட்டிக்குள் கிடந்ததை கிறிஸ்டியன் எடுத்தார். அதில் பொத்தான் போலத் தெரிவது ஒரு கல்குலேட்டரின் இலக்கங்களைப் பெரிதாக்கும் கண்ணாடிப் பட்டி. கிழவர் ஓபி-வானின் வாளில் ஜெட் இயந்திரத்தின் குழாய் ஒன்றும், தண்ணீர்ப் பைப்பைத் திறக்கும் திருகுபிடி ஒன்றும் இருக்கின்றன. பிரபஞ்சத்தைக் காக்கும் வாளில் பாத்ரூம் பைப்! எங்கள் மாணவர்கள் சிரித்து முடிய அரை மணித்தியாலம் போனது.

படம் முடிந்ததும் வாடகைச் சாமான் வாடகைக்காரரிடம் திரும்பியது. ஒட்டியவற்றைக் கழற்றிவிட்டு அதே துவக்குகளை வேறு படங்களுக்குக் கொடுத்தார்கள். ஆகவே மூலப் பொருள் என்று கையில் எடுத்துப் பார்க்க மிகச் சிலதான் மிஞ்சின. ஹான் சோலோவின் முதற் படத் துவக்கில் தப்பிய ஒன்று 2022 ஓகஸ்டில் அமெரிக்காவில் ஏலம் போனது: 10 இலட்சத்து 57 ஆயிரத்து 500 டொலர். ஒட்டுச் சாமானுக்கு இந்த விலை.

மூலப் பொருள் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? படத்தைப் பார்ப்பார்கள். உலகம் முழுக்க இதைப் பொழுதுபோக்காகச் செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் தச்சர், தபாற்காரர், தாதி, பொறியியலாளர் எல்லாரும் உண்டு. ஒரு காட்சியை நிறுத்தி, பெரிதாக்கி, ‘இந்தத் திருகாணியின் தலை எந்த வகை? இந்தக் குழாயின் விளிம்பில் எத்தனை வெட்டு?’ என்று மாதக்கணக்கில் பார்ப்பார்கள். பிறகு பழைய இராணுவச் சாமான் கடை, கமராச் சந்தை, தொழிற்சாலைக் கழிவு என்று தேடி அலைவார்கள். ஒருவர் ஒரு துண்டைக் கண்டுபிடித்தால் மற்றவர்கள் அதை நம்பிவிட மாட்டார்கள். “அந்தத் தழும்பு இங்கே இல்லையே” என்று மறுப்பார்கள். சண்டை வரும், அளவு வரும், ஆதாரம் வரும். ஆராய்ச்சி என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிக் கொடுப்பதும் இதைத்தான்.

அளவுக்கு வருவோம். எட்டாம் ஆண்டில் அளவிடைப்படம் படிப்பிக்கிறோம். பிள்ளைகள் வகுப்பறையின் நீளத்தைத் தாளில் வரைந்துவிட்டு மறந்து போவார்கள். இங்கே பாருங்கள். ஸ்டேர்லிங்கின் பின்தண்டை மடித்தால் மொத்த நீளம் 482 மில்லிமீற்றர். பக்கவாட்டாகத் தெரியும் ஒரு படத்தில் அது 241 மில்லிமீற்றர் வந்தால் அளவிடை 1:2. அதே படத்தில் அந்த எண்ணும் பெட்டி 30 மில்லிமீற்றர் வந்தால் நிஜத்தில் 60. தெரிந்த ஒன்றை வைத்துத் தெரியாததைக் கணிப்பது. ஆனால் துவக்கு கமராவுக்குச் சற்றுச் சரிந்திருந்தால் கணக்குப் பிழைக்கும். அந்தப் பிழையை எப்படித் திருத்துவது என்று கேட்டுக்கொண்டு ஒரு மாணவன் திரிகோண கணிதப் புத்தகத்தைத் தானாகத் திறந்தான். நாங்கள் மூன்று வருடமாகத் திறக்கச் சொல்லித் திறக்காத புத்தகம்.

பார்வையை மட்டும் நம்பியவர்கள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ‘பிளேட் ரன்னர்’ படத்தின் துவக்கு நல்ல உதாரணம். 1982இல் வந்த படம். ஒஸ்திரிய ஸ்டெயர் வேட்டைத் துவக்கு ஒன்றின் மேற்பாகத்தையும், அமெரிக்க ‘புல்டோக்’ ரிவோல்வர் ஒன்றையும் சேர்த்து அதைச் செய்திருந்தார்கள். படமும் சில புகைப்படங்களும் தவிர வேறு எதுவும் இல்லாமல் ஆர்வலர்கள் இருபது வருடத்துக்கு மேல் நகல் செய்தார்கள். 2006இல் கலிபோர்னியாவின் அனஹைமில் நடந்த அறிவியல் புனைகதை மாநாட்டில் அசல் துவக்கு காட்சிக்கு வைக்கப்பட்டது. 24 வருட ஊகங்களைச் சரிபார்க்கும் நாள் அது. சிலது சரி, சிலது பிழை. பிழை என்று தெரிந்தவர்கள் அழவில்லை, அடுத்த நகலைத் தொடங்கினார்கள். விடைத்தாளில் சிவப்புப் புள்ளடி விழுந்தால் தாளைக் கசக்கி எறியும் நம் பிள்ளைகள் இவர்களிடம் கற்க நிறைய இருக்கிறது.

இந்தக் கூட்டத்தில் எங்களுக்குப் பிடிக்காததும் உண்டு. ஒளிவாள் செய்ய வேண்டும் என்று கிராப்லெக்ஸ் கைப்பிடிகளை வாங்கி வாங்கி, அந்தப் பழைய கமராக்களை இன்னும் பாவிப்பவர்களுக்குக் கைப்பிடி கிடைக்காமல் செய்துவிட்டார்கள். ஒரு காலத்தில் குப்பை விலைக்குப் போனது இன்று நூற்றுக்கணக்கான டொலர். நல்ல பொருளை வெட்டிப் போலிப் பொருள் செய்வது எங்களுக்கு ஒப்பவில்லை. அதனால் எங்கள் மாணவர்களுக்கு முதலிலேயே சொன்னோம்: வேலை செய்யும் எதையும் உடைக்கக் கூடாது, ஏற்கனவே செத்த சாமான்தான். முப்பரிமாண அச்சில் முழுவதையும் அடித்து எடுக்கும் வழியும் வேண்டாம் என்றோம். யாரோ வரைந்து வைத்த கோப்பை இறக்கி ஒரு பொத்தானை அழுத்தினால் பொருள் வரும், அளக்கத் தெரியாது. காசுள்ளவர்கள் ஸ்பெயினின் டெனிக்ஸ் நிறுவனம் செய்யும் சுடாத மௌசர் நகலை வாங்கி அதன் மேல் வேலை செய்வார்கள். அதை நினைத்தும் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். காரணம் கீழே வருகிறது.

உடல் வேப்பம் பலகையில். குழாய், லேத் பட்டறையில் மிஞ்சிய அலுமினியம். வெப்பம் கடத்தும் தகடு, செத்துப்போன எம்ப்ளிபயரில் இருந்து. தொலைநோக்கிக்கு, வில்லை உடைந்த பைனாகுலரின் ஒரு பக்கம். அசலில் இருந்த அதே உதிரிகள் இந்த ஊரில் கிடைக்கவே கிடைக்காது. அளவும் உருவமும் பொருந்தும் உதிரியைத் தேடிப் பிடிப்பதுதான் வேலை. வேணியர் இடுக்கிமானியோடு பழைய இரும்புக் கடைக்குள் பிள்ளைகள் நுழைந்ததைக் கண்ட கடைக்காரர், நிறுவைக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று பயந்துபோனாராம். பாவித்துத் தேய்ந்த தோற்றம் கொடுக்க வெள்ளிப் பூச்சின் மேல் கறுப்பு அடித்து, விளிம்புகளில் தேய்த்து எடுப்பது இந்தத் தொழிலின் இரகசியம். அதை மட்டும் நாங்கள் படிப்பிக்கவில்லை. கடற்கரை ஊரில் பிறந்த பிள்ளைக்கு இரும்பு எங்கே முதலில் துருப்பிடிக்கும் என்று தெரியும்.

ஆக, “இது என்னத்துக்கு சேர்?” என்பதற்கு இதுவே பதில். பாடம் கெடவில்லை. அளத்தல், வரைதல், உலோகம், மரம், கணக்கு, பொறுமை, ஆள் தேடிப் போய்ப் பேசுதல் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பவியலை வெறும் குறிப்புக் கொப்பியாக எழுதி முடிப்பதுதான் எங்களுக்குக் கவலை.

இனி இரண்டாவது கேள்வி.

ஸ்டேர்லிங் எங்கேயோ இருக்கிற சாமான் இல்லை. அதையே இந்தியா கான்பூரில் ‘காபைன்’ என்று தயாரித்துத் தன் இராணுவத்துக்குக் கொடுத்தது. 1987 முதல் 1990 வரை வடக்கிலும் கிழக்கிலும் அமைதிப்படை நின்ற காலத்தைக் கண்டவர்களுக்கு அந்தத் துளைக் குழாயும் பக்கவாட்டுத் தோட்டாப் பெட்டியும் ஞாபகம் இருக்கும். சினிமாவில் விண்வெளிச் சிப்பாயின் கையில் அதைப் பார்த்தபோது எங்களில் மூத்த ஆசிரியர் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். மாணவர்களுக்கு ஏன் என்று விளங்கவில்லை. அவர்கள் பிறக்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

துவக்கின் உருவத்துக்கு நம் ஊரில் ஓர் எடை இருக்கிறது. அது சுடுமா சுடாதா என்பது கைக்கு வந்த பிறகு தெரிவது. தூரத்தில் நிற்பவருக்கு உருவம்தான் தெரியும். 2019 மே மாதம் ஹசலக்கவில், கப்பலின் சுக்கான் படம் அச்சிட்ட உடுப்பை அணிந்ததற்காக ஒரு பெண் கைது செய்யப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்தப் படம் தர்மசக்கரம் என்று சொன்னார்கள். சுக்கானுக்கே அப்படி என்றால் துவக்குக்கு?

இதைச் சொன்னபோது ஒரு மாணவன் எங்களிடம் கேட்டான்: “வெளிநாட்டுப் புள்ளைகள் செஞ்சா கலை, நாங்க செஞ்சா மட்டும் கேஸா சேர்?” அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பாதி உண்மையும் இருக்கிறது. மறுபாதியையும் அவனுக்குக் காட்டினோம். 2020 மே 4ஆம் திகதி, ஸ்டார் வோர்ஸ் ரசிகர்கள் கொண்டாடும் நாளில், கனடாவின் லெத்பிரிஜ் நகரில் ஓர் உணவகத்துக்கு விளம்பரமாக ஓர் இளம் பெண் வெள்ளைக் கவச உடையில் பிளாஸ்டிக் பிளாஸ்டரோடு வெளியே நின்றாள். பொலிஸார் நிஜத் துவக்குகளை நீட்டி அவளை நிலத்தில் படுக்க வைத்தார்கள். மூக்கில் இரத்தம். 2014 நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன் விளையாட்டுத் துவக்கோடு பூங்காவில் நின்றதற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டான். விளையாட்டுத் துவக்குகளின் நுனியில் செம்மஞ்சள் நிறம் இருக்க வேண்டும் என்பது அங்கே 1989 முதல் சட்டம். அவனுடைய துவக்கில் அந்த நிறம் இருக்கவில்லை. பிரித்தானியாவோ 2006இல் கொண்டுவந்த சட்டத்தால், அசல் போலத் தெரியும் போலித் துவக்குகளை விற்பதையும் செய்வதையும் தடுத்தது. சினிமா, நாடகம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. துவக்கை அசல் போலச் செய்யும் கலைக்கு அந்த ஊர்களிலும் சும்மா இடம் கொடுக்கவில்லை. ஆனால் அந்தச் சிறுவனின் நிறம் வேறாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவன் திரும்பக் கேட்டான். அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

இந்த இடத்தில் நம் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கண்காட்சித் துவக்குக்கு எதிராகக் குரல் பதிவு போட்ட வாப்பாமார் சிலரின் பிள்ளைகள், போன பெருநாளைக்குப் பிளாஸ்டிக் குண்டு பாயும் துவக்குகளோடு ஒழுங்கை ஒழுங்கையாக ஓடினார்கள். பெருநாள் சந்தையில் அவை குவிந்து கிடக்கின்றன. குண்டு கண்ணில் பட்டால் கண் போகும். அளக்கவும் தேவையில்லை, தேடவும் தேவையில்லை, காசைக் கொடுத்தால் சுடலாம். அது விளையாட்டு, இது ஆபத்து என்று சொல்வது எங்களுக்கு விளங்கவில்லை.

எங்கள் நிபந்தனைக்கு வருகிறோம். செய்யலாம், முழு அளவில், முழுக் கவனத்தோடு. ஆனால் பொருத்திப் பார்ப்பது தொழினுட்பக் கூடத்துக்குள் மட்டும். பொருந்துகிறதா என்று பார்த்து, சதுரக் கட்டத் தாளின் மேல் வைத்து அளவுக்காகப் படம் எடுத்து, அன்றைக்கே பிரித்துவிட வேண்டும். கண்காட்சியில் வைக்கப்படுவது துவக்கு அல்ல. நான்கடிக்கு மூன்றடிப் பலகையில் பிரித்து வைத்த உதிரிகள். ஒவ்வொன்றின் கீழும் மூன்று வரி: அசலில் இந்த இடத்தில் இருந்தது எந்த இயந்திரத்தின் எந்தத் துண்டு, நாங்கள் வைத்தது எது, இரண்டின் அளவும் எவ்வளவு வித்தியாசம். பக்கத்தில் அவர்கள் வரைந்த கிடைப்படமும் நிலைப்படமும். கைப்பிடியும் குழாயும் ஒன்றாகச் சேர்ந்த நிலையில் பாடசாலைக் கேற்றைத் தாண்டாது. செல்பி எடுத்து முகநூலில் போடுவதும் இல்லை.

மாணவர்களுக்கு இது முழுத் திருப்தி இல்லை. “பிரிச்சு வச்சா அது பிளாஸ்டரே இல்ல சேர்” என்றார்கள். படப்பிடிப்பு முடிந்த அன்று அசலுக்கும் அதுதான் நடந்தது என்று சொன்னோம். ஒருவன் சிரித்தான், நால்வர் சிரிக்கவில்லை. பரவாயில்லை. ஆனால் பலகையில் எழுத வேண்டிய மூன்று வரிக்காக இப்போது அவர்கள் ஓடும் ஓட்டத்தைப் பார்த்தால், தேடுவது அவர்களுக்குப் பிடித்துப் போய்விட்டது போலத்தான் தெரிகிறது. போன கிழமை ஒருவன் தன் மூத்தம்மாவின் தையல் மெசினுக்குக் கீழே படுத்துக் கிடந்தானாம். அதைக் கழற்றக் கூடாது என்று அவனுக்கு இன்னொரு தடவை சொல்லி வைத்திருக்கிறோம்.

அதிபரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் இந்த ஏற்பாட்டை அறிவார்கள். இன்னும் சந்தேகம் உள்ள பெற்றோர் பாடசாலை முடிந்த பிறகு தொழினுட்பக் கூடத்துக்கு வந்து நேரில் பார்க்கலாம். குரல் பதிவை விட அது நல்லது.

வருபவர்கள் வெறுங்கையோடு வராமல் இருந்தால் இன்னும் நல்லது. பணம் வேண்டாம். வீட்டில் செத்துக் கிடக்கும் பழைய பிலிம் கமராவின் பிளாஷ், உடைந்த பைனாகுலர், இலக்கம் உருளும் பழைய தண்ணீர் மீட்டர், இயங்காத எம்ப்ளிபயர், பொத்தான் கல்குலேட்டர், பித்தளைப் பைப் தலை, ஓடாத சுவர் மணிக்கூடு, சைக்கிள் டைனமோ ஆகியவற்றில் எது இருந்தாலும் தாருங்கள். எதில் இருந்து கழற்றியது, எந்த ஆண்டளவில் வாங்கியது என்று ஒரு துண்டில் எழுதி ஒட்டிவிடுங்கள், பலகையில் உங்கள் வீட்டுப் பெயரும் வரும். சாமானைக் கழுவ வேண்டாம், துருவைச் சுரண்டவும் வேண்டாம். அது எங்களுக்குத் தேவை.